மாஸ்டடானில் ஒரே உரையாடல் எனக்குப் பாதியும் அடுத்தவருக்கு முழுசாகவும் தெரிவது ஏன்?

ஈரத்துண்டு கேட்டது:

ட்விட்டர் மாதிரி, ஆனால் பல தனித்தனி சர்வர்களாக இயங்கும் மாஸ்டடானில் எனக்குக் கணக்கு இருக்கிறது, ஏறக்குறைய 80 பேர் இருக்கும் சின்ன சர்வரில். அட்மின் ஒருவர்தான். பக்கத்தின் அடியில் வெர்ஷன் 4.3 என்று காட்டுகிறது. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஒரு பதிவுக்குக் கீழே எனக்கு 3 பதில் தெரிகிறது. அதே பதிவை அது எழுதப்பட்ட சர்வரில் போய்ப் பார்த்தால் 17. ஸ்டார் (லைக் மாதிரி) எண்ணிக்கையும் அப்படியே: இங்கே 2, அங்கே 60. அட்மின் எதையாவது அடைத்து வைத்திருக்கிறாரா, இல்லை என் செட்டிங்ஸில் கோளாறா?

#தமிழ் ஹேஷ்டேக்கைப் பின்தொடர்கிறேன். நாளுக்கு ஒன்றிரண்டு பதிவு தேறினால் அதிகம். தமிழில் எழுதுகிறவர்கள் அவ்வளவுதானா?

"சிடபிள்யூ (உள்ளடக்க எச்சரிக்கை) போடுங்க", "ஆல்ட் டெக்ஸ்ட் (பட விவரிப்பு) எங்கே" என்று முன்பின் தெரியாதவர்கள் வந்து சொல்கிறார்கள். இதில் எது விதி, எது வெறும் பழக்கம்?

பெரிய சர்வருக்கு மாறினால் இதெல்லாம் சரியாகிவிடுமா? மாறினால் என்னென்ன கூட வரும்?


வலைத்தறி எழுதியது:

யாரும் எதையும் அடைக்கவில்லை. உங்கள் சர்வருக்கு வந்து சேராத பதில் உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ட்விட்டர், ஃபேஸ்புக்கில் ஓர் உரையாடல் ஒரே கிடங்கில் இருக்கும். எல்லோரும் அதையே எட்டிப் பார்க்கிறோம். ஃபெடிவர்ஸில், அதாவது மாஸ்டடான் போன்ற சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் வலையமைப்பில், அப்படி ஒரு கிடங்கு கிடையாது. கல்யாணப் பத்திரிகை மாதிரி வீட்டுக்கு வீடு பிரதி போகிறது. பத்திரிகை போகாத வீட்டைப் பொறுத்தவரை அந்தக் கல்யாணமே நடக்கவில்லை.

பிரதி யாருக்குப் போகும் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அமுதா பொதுப் பதிவு ஒன்று போடுகிறார் என்று வையுங்கள். அமுதாவைப் பின்தொடர்பவர் ஒருவராவது இருக்கிற சர்வர்களுக்கு அது போகும். பதிவில் யாரையாவது பெயர் சொல்லி அழைத்திருந்தால் அவருடைய சர்வருக்கும் போகும். அமுதாவின் சர்வர் ஏதாவது ரிலேயில் (பொதுப் பதிவுகளை வாங்கிப் பல சர்வர்களுக்கு அனுப்பும் இடைச் சர்வர்) சேர்ந்திருந்தால் அந்த ரிலேயில் இருக்கிற மற்ற சர்வர்களுக்கும் போகும். வேறெங்கும் போகாது. இப்போது பாபு அதற்குப் பதில் எழுதுகிறார். அந்தப் பதில் அமுதாவின் சர்வருக்கும், பாபுவைப் பின்தொடர்பவர்கள் இருக்கிற சர்வர்களுக்கும் போகும். உங்கள் 80 பேரில் பாபுவைப் பின்தொடர்பவர் ஒருவரும் இல்லையென்றால் பாபுவின் பதில் உங்கள் வாசலுக்கு வராது. அமுதாவை நீங்கள் எத்தனை வருஷமாகப் பின்தொடர்ந்தாலும் சரி.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. திரி, அதாவது பதிவும் பதில்களும் சேர்ந்த சங்கிலி, மேல்நோக்கி முழுசாக வரும், கீழ்நோக்கிப் பாதிதான் வரும். ஏதோ ஒரு பதில் உங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்தால், அது எதற்கான பதில், அது எதற்கான பதில் என்று சர்வரே மேலே ஏறிப்போய் மூலப்பதிவு வரை எடுத்து வந்துவிடும். ஆனால் மூலப்பதிவுக்குக் கீழே யார் யார் என்ன எழுதினார்கள் என்று தேடிப் போகிற வேலையைப் பழைய வெர்ஷன்கள் பெயருக்குத்தான் செய்தன. 4.4ல் (2025 ஜூலை) இதற்கு வசதி வந்தது, ஆனால் அட்மின் தனியாக இயக்க வேண்டும். 4.5லிருந்து (2025 நவம்பர்) அது தானாகவே இயங்குகிறது. நீங்கள் திரியைத் திறந்ததும் பின்னணியில் மற்ற சர்வர்களிடம் கேட்டு எடுத்து வரும். போட்ட உடனே திறந்த பதிவுக்கு வராது, சில நிமிஷம் விட்டுத்தான் தேடும். ஒருமுறை தேடிவிட்டால் மறுபடி தேட இன்னும் கொஞ்சம் இடைவெளி விடும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு சின்ன சர்வரைப் போட்டு மொய்க்கக்கூடாது என்பதற்காக.

உங்களுடையது 4.3. அதுவரைக்கும் கையால் செய்ய வேண்டியது:

பதிவின் மூன்று புள்ளி மெனுவில் மூலப் பக்கத்தைத் திறக்கும் வழி இருக்கிறது. அதைத் திறந்தால் 17ம் தெரியும். அங்கேயே பதில் எழுதப் பார்க்காதீர்கள், உங்கள் கணக்கு அந்த சர்வரில் இல்லை. பிடித்த பதிலின் தேதியை அழுத்தி அதன் தனி முகவரியை நகலெடுங்கள். உங்கள் சர்வரின் தேடல் பெட்டியில் அதை அப்படியே ஒட்டித் தேடுங்கள். உங்கள் சர்வர் போய் அதை எடுத்து வரும். பிறகு ஸ்டார், பூஸ்ட் (மறுபகிர்வு), பதில் எல்லாம் வழக்கம்போல. லாகின் செய்திருந்தால்தான் இந்தத் தேடல் வேலை செய்யும். பின்தொடர்பவர்களுக்கு மட்டுமான பதிவு இப்படி வராது.

ஸ்டார் கணக்கும் இதே கதைதான். ஸ்டார் போட்டால் அந்தத் தகவல் எழுதியவரின் சர்வருக்கு மட்டும் போகும். உங்கள் திரையில் தெரிகிற 2 என்பது உங்கள் சர்வருக்குத் தெரிந்த 2. ஒரு பதிவு எடுபட்டதா என்று அளக்க அந்த எண் பயன்படாது. ஸ்டார் போட்டால் பதிவு பரவவும் செய்யாது. நாலு பேர் பார்க்க வேண்டுமென்றால் பூஸ்ட்தான்.

கடைசியாக, ஹோம் டைம்லைனில் பதில் காணோம் என்றால் அது வேறு விஷயம். நீங்கள் பின்தொடரும் ஒருவர், நீங்கள் பின்தொடராத இன்னொருவருக்கு எழுதிய பதிலை மாஸ்டடான் ஹோமில் காட்டாது. இரண்டு பேரையும் பின்தொடர்ந்தால்தான் தெரியும். சர்வரில் அது இருக்கும், அவருடைய ப்ரொஃபைலில் "பதில்கள்" பகுதியில் பார்க்கலாம்.


பனையோலை எழுதியது:

#தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். ஹேஷ்டேக்கைப் பின்தொடர்வது 4.0ல் (2022 நவம்பர்) வந்த வசதி. உங்கள் சர்வருக்கு எப்படியும் வந்து சேர்ந்த பதிவுகளில் அந்தக் குறி இருப்பதை எடுத்து ஹோமில் போடும், உலகம் முழுக்கத் தேடிக் கொண்டுவராது. 80 பேர் சர்வரில் தமிழர்களைப் பின்தொடர்பவர் நீங்கள் ஒருவர் மட்டும் என்றால், நீங்கள் பின்தொடரும் ஆட்களின் பதிவுதான் குறியிலும் வரும். ஆகவே ஆட்களைப் பின்தொடர்ந்தால்தான் குறியும் நிறையும். #தமிழ் என்று தமிழ் எழுத்திலும் ரோமன் எழுத்திலும் இரண்டையும் பின்தொடருங்கள், அவை இரண்டும் வேறு வேறு குறி. பெரிய சர்வர் ஒன்றின் ஹேஷ்டேக் பக்கத்தைப் பிரவுசரில் திறந்து, அங்கே தட்டுப்படும் தமிழ்க் கணக்குகளை உங்கள் தேடல் பெட்டியில் ஒட்டிப் பின்தொடர்வது நல்ல தொடக்கம்.

தமிழில் குறி போடுகிறவர்கள் செய்யும் தவறு, வாக்கியத்துக்குள்ளேயே போடுவது. "#சென்னையில் மழை" என்று எழுதினால் குறி "சென்னையில்" ஆகிவிடும்; #சென்னையைப் பின்தொடர்பவருக்கு அது போகாது. ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, நமக்கு வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. வாக்கியத்தை வாக்கியமாக எழுதிவிட்டு, கடைசியில் தனி வரியில் #சென்னை #மழை என்று போடுங்கள். 4.2க்குப் பிறகு அந்தக் கடைசி வரியை வெப்பில் தனிப் பட்டையாகப் பிரித்துக் காட்டுகிறது, பார்க்கவும் சுத்தமாக இருக்கும்.

இரண்டு சொல் சேர்ந்த குறி என்றால் நடுவில் அடிக்கோடு: #தமிழ்_இலக்கணம். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக்கினால் ஸ்கிரீன் ரீடர் (பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்) பிரித்து வாசிக்கும். நம்மிடம் பெரிய எழுத்து இல்லை, அடிக்கோடுதான் வழி. ஆனால் அடிக்கோடு போட்டதும் போடாததும் இரண்டு தனிக் குறிகள். மற்றவர்கள் ஏற்கெனவே எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று தட்டச்சு செய்யும்போது வரும் பரிந்துரையில் பாருங்கள். வெறும் எண் குறியாகாது; #2025 வேலை செய்யாது.

அடுத்தது மொழிக் குறி. எழுதும் பெட்டியின் அடியில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் இருக்கிறது. பெரும்பாலும் அது ஆங்கிலத்திலேயே கிடக்கும், தமிழில் எழுதிவிட்டு அப்படியே அனுப்பிவிடுகிறோம். விளைவு மூன்று. பொது டைம்லைனில் தமிழ் மட்டும் வேண்டுமென்று வைத்திருப்பவருக்கு உங்கள் பதிவு போகாது. தமிழ் தெரியாதவருக்கு மொழிபெயர்ப்புப் பொத்தான் வராது, ஏனென்றால் அது ஆங்கிலப் பதிவு என்று அவருடைய சர்வர் நம்புகிறது. ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலில் தமிழை வாசிக்க முயன்று திணறும். செட்டிங்ஸில் இயல்பு மொழியைத் தமிழாக வைத்துவிட்டால், ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் மாற்றினால் போதும்.

முழுப் பதிவையும் தேடும் வசதி 4.2ல் (2023 செப்டம்பர்) வந்தது. எழுதியவர் தன் ப்ரொஃபைலின் தனியுரிமைப் பகுதியில் "என் பொதுப் பதிவுகளைத் தேடலில் சேர்க்கலாம்" என்று அனுமதித்திருக்க வேண்டும், சர்வரில் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் ஓட வேண்டும். சின்ன சர்வர்கள் பலவற்றில் ஓடாது, ரேம் தின்கிற சாமான் அது. ஓடினாலும் தமிழ்ச் சொல்லின் வேரைப் பிரித்துத் தேடாது. "ஏரி" என்று தேடினால் "ஏரியில்" வராது. தமிழில் எழுதுபவருக்கு ஹேஷ்டேக் அலங்காரமல்ல என்பது அதனால்தான்.

500 எழுத்து வரம்பைப் பற்றிக் கவலை வேண்டாம். சர்வர் எண்ணுவது நாம் எண்ணுவது போலத்தான்: "தமிழ்" என்றால் த, மி, ழ் என்று மூன்று. ஐந்தாக எண்ணாது. எந்த நீள இணைப்பும் 23 எழுத்துக் கணக்கு. @பெயர்@சர்வர் என்று அழைத்தால் பெயர் மட்டும்தான் கணக்கில் சேரும்.


ஈரத்துண்டு எழுதியது:

நன்றி இருவருக்கும். பனையோலை சொன்னதோடு சேர்த்து ஒன்று: வேண்டாத சொல் உள்ள பதிவுகளை மறைக்கும் வடிகட்டியில் "தேர்தல்" என்று போட்டு வைத்திருக்கிறேன். பாதிப் பதிவு நிற்கிறது, பாதி வந்துகொண்டே இருக்கிறது. அதுவும் சர்வர் கோளாறா?


பனையோலை எழுதியது:

இல்லை, அது புள்ளியின் கோளாறு. 

வடிகட்டி சொல்லை இலக்கணமாகப் பார்க்காது, யூனிகோடு எழுத்துக் குறியீடுகளின் வரிசையாகப் பார்க்கும். "தேர்தல்" என்பது ல-வுக்குப் பிறகு ஒரு புள்ளியோடு முடிகிறது. "தேர்தலில்" என்று வந்தால் அந்த இடத்தில் புள்ளி இல்லை, இகரக் குறி இருக்கிறது. ஆகவே பொருந்தாது. வடிகட்டியில் புள்ளியை எடுத்துவிட்டு "தேர்தல" என்று போடுங்கள். பார்க்க அரைகுறையாக இருக்கும், ஆனால் தேர்தல், தேர்தலில், தேர்தலுக்கு, தேர்தலை எல்லாமே மாட்டும். "அரசியல்" வேண்டாமென்றால் "அரசியல".

கூடவே "முழுச் சொல் மட்டும்" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அது ஆங்கிலத்துக்காக வைத்தது. தமிழில் அதை விட்டுவைத்தால் உருபு ஒட்டிய எதுவும் சிக்காது.

மகர மெய்யில் முடியும் சொற்களுக்கு வடிகட்டியில் இரண்டு வடிவம் வேண்டும். "படம" ஒன்று, "படத்" ஒன்று. "பட" என்று மட்டும் போட்டால் படகு, படி வரைக்கும் எல்லாம் மறைந்து டைம்லைன் வெறிச்சோடிவிடும். படம் வெளியாகும் வாரத்தில் கதையைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் படத்தின் பெயரையும் சேர்த்து, வடிகட்டி எத்தனை நாளில் காலாவதியாக வேண்டும் என்பதில் ஒரு வாரம் வைத்துவிடலாம். "எச்சரிக்கையோடு மறை" என்ற தேர்வே பெரும்பாலும் நல்லது. "முற்றிலும் மறை" வைத்தால் எது தவறிப்போய் மாட்டியது என்றே தெரியாது.


கோடிவீடு எழுதியது:

சிடபிள்யூ, ஆல்ட் டெக்ஸ்ட் பத்தி யாரும் தொடலையே, நான் சொல்றேங்க.

முதல்ல விதி எதுன்னு பாருங்க. உங்க சர்வரோட அபௌட் பக்கத்துல இருக்கிறது மட்டும்தான் விதி. மீறினா அட்மின் கேப்பார். மத்ததெல்லாம் ஊர்ப் பழக்கம். ஊருக்கு ஊர் மாறும். ஒரு சர்வர்ல சாப்பாட்டுப் படத்துக்கே எச்சரிக்கை போடுவாங்க, இன்னொண்ணுல யாரும் கண்டுக்க மாட்டாங்க. வந்து சொல்ற ஆள் அவர் ஊர்ப் பழக்கத்தைச் சொல்றார், சண்டைக்கு நிக்க வேண்டியதில்லை.

சிடபிள்யூ-ன்னா பதிவை மூடி மேல ஒரு தலைப்பு வைக்கிறது. படத்தோட முடிவு, விளையாட்டு ஸ்கோர், ரத்தம், தற்கொலை, அந்தரங்கம், வளவளன்னு அரசியல், இதுக்கெல்லாம் போடுறது பரவலான வழக்கம். தப்பு எங்கே நடக்குதுன்னா "எச்சரிக்கை!!" "அவசியம் படிக்கவும்"னு தலைப்பு வைக்கிறாங்க. உள்ளே என்னன்னு தெரிஞ்சாத்தானே திறக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண முடியும்? "சாலை விபத்து, படம் உண்டு"ன்னு நேரா எழுதுங்க. அந்தத் தலைப்பும் 500-க்குள்ளதான் எண்ணும். தலைப்பு வச்சா கூட இருக்கிற படமும் மங்கலாகிடும். உங்க பதிவுக்குப் பதில் போடுறவங்களுக்கும் அதே தலைப்பு தானா ஒட்டிக்கும், அதனால நக்கலா ஒண்ணு எழுதிட்டீங்கன்னா அப்புறம் நாப்பது பதிலும் அதே நக்கலோட வரும்.

ஆல்ட் டெக்ஸ்ட் பார்வையில்லாதவங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க, நெட் மந்தமா இருந்து படம் இறங்காதவங்களும் அதைத்தான் படிக்கிறாங்க. 1500 எழுத்து வரைக்கும் இடம் இருக்கு. தமிழ்ல நாம போடுற படம் பாதி என்ன? பேப்பர் கட்டிங், நோட்டீஸ், ஸ்கிரீன்ஷாட். அதுல இருக்கிற எழுத்தை அப்படியே தட்டிப் போடுங்க. "நோட்டீஸ் படம்"னு எழுதினா எழுதாததுக்குச் சமம். மீம்னா படத்துல யார் என்ன முகத்தோட நிக்கிறார், மேல கீழ என்ன வசனம், இது ரெண்டும் போதும். மறந்துட்டீங்கன்னா பதிவை அழிக்காதீங்க, திருத்துற வசதியில ஆல்ட் டெக்ஸ்டையும் சேர்க்கலாம், சிடபிள்யூவையும் சேர்க்கலாம். யாருக்குத் தெரியணும்ங்கிறதை மட்டும் அப்புறம் மாத்த முடியாது. "அழித்து மறுபடி எழுது"ங்கிறதை அழுத்தினா ஸ்டார், பூஸ்ட் போயிடும், பதில்கள் தாயில்லாப் பிள்ளையா தொங்கும்.

வலைத்தறி சொன்னாரே, 17 பதில்ல உங்களுக்கு 3தான் தெரியும்னு. இந்த ஊர் நாகரிகமே அதுலேர்ந்துதான் வருது. யாரோ "இந்த ஆப் திறக்கலை"ன்னு எழுதுறார். உங்க கண்ணுக்கு பதிலே இல்லை. "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க"ன்னு நீங்க நல்ல மனசோட எழுதுறீங்க. அவர் பக்கத்துல நீங்க இருபத்தஞ்சாவது ஆள். அவர் எரிஞ்சு விழுந்தா உங்களுக்கு ஏன்னே புரியாது. தெரியாத ஆளுக்கு யோசனை சொல்ற முன்னாடி மூலப் பக்கத்தை ஒரு தடவை திறந்து பாருங்க, பத்து செகண்டுதான்.

தனிச் செய்தி பத்தி ஒரு எச்சரிக்கை. மாஸ்டடான்ல அது டிஎம் மாதிரி தெரிஞ்சாலும், "பெயர் சொல்லப்பட்டவருக்கு மட்டும் போற பதிவு", அவ்வளவுதான். ரெண்டு பேர் பேசுறப்ப மூணாமவரைப் பத்திப் புறம் பேசி, அவர் பேரை @ போட்டு எழுதிட்டீங்கன்னா அது அவருக்கும் போயிடும்! பேரை வெறுமனே எழுதுங்க, @ வேண்டாம். செய்தி என்க்ரிப்ட் ஆகாது, ரெண்டு பக்க அட்மினும் நினைச்சா டேட்டாபேஸ்ல படிக்கலாம். பாஸ்வேர்டு, வங்கி விவரம், வீட்டு முகவரி அதுல வேண்டாம்.

"பின்தொடர்பவர்களுக்கு மட்டும்"னு வச்சா பத்திரம்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க. பின்தொடர அனுமதி கேக்கணும்ங்கிற செட்டிங்கை போடாம அதை வச்சா யார் வேணும்னாலும் ஒரு க்ளிக்குல உள்ள வந்துடலாம்.

மேற்கோள் பதிவு ரொம்ப நாளா கிடையாது, அடுத்தவரை நிறுத்தி வச்சு ஊரைக் கூட்டிக் கேலி பண்ணத்தான் உதவும்னு வேணும்னேதான் விட்டிருந்தாங்க. 4.5ல வந்திருக்கு. ஆனா யார் மேற்கோள் காட்டலாம்னு எழுதினவர் முடிவு பண்ணலாம், பிடிக்கலைன்னா அப்புறமும் அதைக் கழட்டி விடலாம். அதை மீறி ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டா இங்கே அது மரியாதைக்குறைவாத்தான் படும்.

(பழைய ஆளுங்க "டூட்"னு சொல்றதைக் கேட்டுக் குழம்பாதீங்க. 4.0 வரைக்கும் பொத்தான்லயே அப்படித்தான் இருந்துச்சு, அப்புறம் எடுத்துட்டாங்க. பேர் வாயில ஒட்டிக்கிச்சு.)


சாவிக்கொத்து எழுதியது:

வலைத்தறி சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். பாபுவின் பதில் உங்கள் வாசலுக்கு வரவே வராது என்பது முழு உண்மையல்ல. தன் ஆளின் பதிவுக்கு நேரடியாக வந்த பொதுப் பதிலை, மாஸ்டடான் சர்வர் அந்த ஆளின் பின்தொடர்பவர்கள் இருக்கும் சர்வர்களுக்கு அனுப்பிவைக்கும். ஆனால் அந்தப் பதிலோடு டிஜிட்டல் கையொப்பம் உள்ளுக்குள்ளேயே இணைந்து வந்திருக்க வேண்டும். மாஸ்டடான் அப்படி இணைக்கிறது, வேறு சில மென்பொருள்கள் இணைப்பதில்லை. அதோடு பாபுவின் பதிலுக்குச் செல்வி எழுதும் பதில் பாபுவின் சர்வர் விவகாரம், அமுதாவுடையது அல்ல. ஆகவே நடைமுறையில் முதல் அடுக்குப் பதில்கள் ஓரளவு வரும், இரண்டாவது மூன்றாவது அடுக்கு உதிர்ந்துபோகும். பாதியில் ஆரம்பிக்கும் சண்டைகள் டைம்லைனில் தெரிவது இதனால்தான்.

இனி நாலாவது கேள்வி. பெரிய சர்வருக்குப் போனால் அதிகம் தெரியும், உண்மைதான். ஆயிரக்கணக்கானவர்கள் பின்தொடரும் கணக்குகள் எல்லாம் அங்கே வந்து குவிகின்றன. ஆனால் அதற்காக மட்டும் வீடு மாற்றாதீர்கள். முதலில் உங்கள் அட்மினிடம் மூன்று கேள்வி கேளுங்கள்.

4.5க்கு எப்போது ஏற்றுவார்? பதில்கள் பிரச்சினை அதிலேயே பெரும்பகுதி தீரும்.

ரிலே ஒன்றில் சேர முடியுமா? எல்லாவற்றையும் கொட்டும் பெரிய ரிலே 80 பேர் சர்வருக்கு ஆகாது. சர்வரின் பின்னணி வேலைகளைக் கவனிக்கும் சைட்கிக்கின் வரிசை நீண்டு, சாதாரணப் பதிவே தாமதமாகப் போகும், படக் கிடங்கு டிஸ்கை நிரப்பும். குறிப்பிட்ட ஹேஷ்டேக்கை மட்டும் கொண்டுவரும் ஃபெடிபஸ் ரிலே இருக்கிறது. #தமிழ் மட்டும் அதில் சேர்த்தால் சுமை அதிகமில்லை. டிஸ்க் நிரம்பினால், வெளியிலிருந்து வந்த படங்களை எத்தனை நாளில் நீக்க வேண்டும் என்று அட்மின் பக்கத்திலேயே ஒரு எண் வைக்கலாம். 7 போதும், பழையதைத் திறந்தால் மறுபடி எடுத்து வரும். உள்ளூர்ப் படங்களுக்கு அந்த எண் பொருந்தாது.

ஃபெடிஃபெட்சர் ஓட்டலாமா? உங்கள் கணக்கின் டோக்கன் (அனுமதிச் சாவி) ஒன்றை வைத்து, விடுபட்ட பதில்களைத் தேடி உங்கள் சர்வரில் சேர்க்கும் சிறு ஸ்கிரிப்ட். அட்மின் இல்லாதவரும் ஓட்டலாம், ஆனால் சுமை விழுவது அட்மினின் சர்வரில், கேட்டுவிட்டு ஓட்டுவதுதான் முறை.

மூன்றுக்கும் "பார்க்கலாம்" என்றே பதில் வந்தால் மாறுவதில் தவறில்லை. போகிற இடத்தின் அபௌட் பக்கத்தில் எந்தெந்த சர்வர்களைத் தடுத்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். உங்கள் நண்பர்களின் சர்வர் அதில் இருக்கக்கூடாது. மாஸ்டடான் சர்வர் ஒப்பந்தத்தில் சேர்ந்த சர்வர் என்றால் தினசரி பேக்கப், அவசரத்துக்கு இன்னொருவரிடமும் சாவி, மூடுவதாக இருந்தால் 3 மாத முன்னறிவிப்பு ஆகியவற்றுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அட்மின் ஒருவர் மட்டும் என்று நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தும் இடம் அந்த இரண்டாவது சாவிதான்.

மாறும் வரிசை முக்கியம்:

1. பழைய கணக்கில் இம்போர்ட், எக்ஸ்போர்ட் பக்கத்துக்குப் போய் நீங்கள் பின்தொடரும் ஆட்களின் பட்டியல், லிஸ்ட், மியூட், பிளாக், தடுத்த டொமைன்கள், புக்மார்க் எல்லாவற்றையும் சிஎஸ்வி கோப்பாக இறக்குங்கள். பதிவுகளின் ஆவணக் கோப்பையும் கேளுங்கள், 7 நாளுக்கு ஒருமுறைதான் கேட்க முடியும்.

2. புதிய கணக்கில், "வேறு கணக்கிலிருந்து வருகிறேன்" என்ற இடத்தில் பழைய முகவரியை மாற்றுப்பெயராகச் சேருங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படி வேலை செய்யாது.

3. புதிய கணக்கில் சிஎஸ்விகளை ஏற்றுங்கள். முதலில் நீங்கள் பின்தொடரும் ஆட்களின் பட்டியல், பிறகு லிஸ்ட். பின்தொடராத ஆளை லிஸ்டில் போட முடியாது. "சேர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள், "மேலெழுது" அல்ல.

4. பழைய கணக்கில் புது முகவரியும் பாஸ்வேர்டும் கொடுத்து நகர்த்துங்கள். உங்களைப் பின்தொடர்பவர்கள் தாமாகவே மாறுவார்கள். உடனே எல்லோரும் வரமாட்டார்கள், வரிசையில் நின்று ஒவ்வொரு சர்வராக வரும். சிலர் வராமலே போவதும் உண்டு, அவர்களுடைய மென்பொருள் நகர்த்தலைப் புரிந்துகொள்ளாவிட்டால்.

பழைய பதிவுகள் பழைய இடத்திலேயே இருக்கும். ஆவணக் கோப்பு உங்கள் அலமாரிக்கு, புதிய சர்வரில் ஏற்ற முடியாது. வடிகட்டிகளைக் கையால் மறுபடி எழுத வேண்டும், அந்தப் புள்ளி நீக்கிய "தேர்தல" உட்பட. ஒருமுறை நகர்ந்தால் அடுத்த 30 நாள் மறுபடி நகர முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது, நான்காம் படிக்குப் பழைய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானின் தாலிபான் அரசு குயர் டாட் ஏஎஃப் என்ற சர்வரின் டொமைன் பெயரைப் பறித்தது. அது அந்நாட்டின் ஏஎஃப் டொமைன். அப்படித் திடீரென்று போனால் பின்தொடர்பவர்களை அழைத்துக்கொண்டு வர வழியில்லை. மாதம் ஒருமுறை முதல் படியை மட்டும் செய்து வைத்தால், குறைந்தபட்சம் நீங்கள் யாரைப் பின்தொடர்ந்தீர்கள் என்பதாவது கையில் இருக்கும். நாட்டுக் குறியை அழகுக்காக டொமைனில் வைத்திருக்கும் சர்வர்களில் சேரும்போது இரண்டு தடவை யோசியுங்கள்.


ஈரத்துண்டு எழுதியது:

இவ்வளவு விவரமாக எதிர்பார்க்கவில்லை. அட்மினிடம் 4.5 பற்றியும் இரண்டாவது சாவி பற்றியும் கேட்கப் போகிறேன். ஒரு கிளைக்கேள்வி மட்டும்: ப்ளூஸ்கை என்ற இன்னொரு சமூக வலைத்தளத்தில் இந்தப் "பாதிப் பதில்" தொல்லை இல்லை என்கிறார்கள். அங்கே இருப்பவர்களோடு இங்கிருந்தே பேச முடியுமா?


வலைத்தறி எழுதியது:

சாவிக்கொத்து சொன்ன திருத்தம் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ப்ளூஸ்கையில் ஒவ்வொருவரின் பதிவும் அவரவர் தரவு சர்வரில் இருந்தாலும், எல்லாவற்றையும் ரிலே ஒன்று வாரிக் கொண்டுவர, ஆப்வியூ என்ற பெரிய அட்டவணை ஒன்று மொத்தமாகத் தொகுக்கிறது. பெரும்பாலானோர் பார்ப்பது ப்ளூஸ்கை நிறுவனம் நடத்தும் ஒரே ஆப்வியூ வழியாகத்தான். அதனால் 17 பதிலும் 17ஆகவே தெரியும். அந்த ஒரே இடம் படுத்தால் எல்லோருக்கும் படுக்கும். அங்கே பிளாக் பட்டியல் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவு என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேசுவதற்குப் பிரிட்ஜி ஃபெட் என்ற பாலம் இருக்கிறது. அதன் ப்ளூஸ்கை பாட் (தானியங்கி) கணக்கை மாஸ்டடானிலிருந்து பின்தொடர்ந்தால், உங்கள் பொதுப் பதிவுகள் அந்தப் பக்கமும் ஒரு கணக்காகத் தெரிய ஆரம்பிக்கும். பாலத்தில் ஏறுவதற்கு முன்னால் எழுதிய பதிவுகள் போகாது. வரம்பு அங்கே 300 எழுத்து, அதுவும் த-மி-ழ் கணக்குத்தான். நீளமாக எழுதினால் வெட்டி, மூலப் பதிவின் இணைப்பைக் கடைசியில் ஒட்டும். முக்கியமான வரியை மேலே வைத்து எழுதுங்கள்.

அந்தப் பக்கத்து ஆளும் பாலத்தின் கணக்கைப் பின்தொடர்ந்திருந்தால்தான் அவர் பதிவும் பதிலும் உங்களிடம் வரும். ஏறாதவர் உங்களுக்கு எழுதிய பதில் அங்கேயே நின்றுவிடும். ஆக, பாலத்தில் போன பதிவுக்கும் 3 பதில் இங்கே, மீதி அங்கே என்பது நடக்கத்தான் செய்யும். வேண்டாமென்று தோன்றினால் அந்த பாட் கணக்கை பிளாக் செய்யுங்கள், அந்தப் பக்கத்துக் கணக்கு நீங்கிவிடும்.